தோளில் சுமக்க வேண்டியவை



பள்ளிகள் விடுமுறையில் இருக்கும் இந்த மே மாதத்தில் நம் சபையில் நான்கு குடும்பங்கள் வீடு மாறுகின்றன. ஒரு குடும்பம் பணி மாறுதல் பெற்று வெளியூர் செல்கிறது. ஒரு குடும்பம் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகக் கட்டி முடித்த சொந்த வீட்டுக்குப் போகிறது. வயது முதிர்ந்த தம்பதியர் இருவர் மகனோடு வசிக்கப் புறப்படுகிறார்கள். நான்காவது குடும்பத்தை வீட்டு உரிமையாளர் ஒரு மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். நான்கு வீடுகளிலும் சென்று ஜெபித்தேன். நான்கிலும் ஒரே பேச்சைக் கேட்டேன்: "ஐயா, பெட்டி கட்டுவதை நினைத்தாலே தூக்கம் வரவில்லை."

குருமனைவாசிகளுக்கு இது நன்கு பழகிய கவலை. என் 28 ஆண்டு ஊழியத்தில் 8 முறை வீடு மாறியிருக்கிறோம். தேரிக்காட்டுக் கிராமத்திலும் இருந்தோம்; கரிசல் மண்ணிலும் இருந்தோம். மாறுதல் ஆணை வந்தால், அடுத்த ஆயர் வருவதற்குள் வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும். ஆகவே இவ்வாரத் தியானத்தை வீடு மாறுவோருக்காகவும், அவர்களுக்கு உதவப்போகிற மற்ற அனைவருக்காகவும் எழுதுகிறேன்.

வேதாகமத்தில் மூட்டை கட்டுவதற்கென்றே ஒரு முழு அதிகாரம் உண்டு என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். எண்ணாகமம் 4ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஆசரிப்புக் கூடாரத்தைப் பிரித்து, சுருட்டி, மூடி, சுமந்து செல்ல வேண்டிய முறை அங்கே பொருள் பொருளாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இவ்வேலைக்கென 30 முதல் 50 வயதுக்குட்பட்ட லேவியர் 8,580 பேர் எண்ணப்பட்டார்கள். மூன்று வம்சத்தாருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டது. கெர்சோன் வம்சத்தாருக்குத் திரைகளும் மூடுதிரைகளும். மெராரி வம்சத்தாருக்குப் பலகைகள், தாழ்ப்பாள்கள், தூண்கள், பாதங்கள், கயிறுகள். கோகாத் வம்சத்தாருக்கு உடன்படிக்கைப் பெட்டி, மேஜை, குத்துவிளக்கு, பலிபீடங்கள் ஆகிய பரிசுத்த பொருள்கள். மெராரியர் சுமக்க வேண்டியவற்றைப் பேர்பேராக எண்ணி ஒப்புவிக்க வேண்டும் என்றுகூடக் கட்டளையிடப்பட்டது. வனாந்தரத்தில் ஒரு முளை தொலைந்தால் வாங்குவதற்குக் கடை ஏது?

இதன் தொடர்ச்சி 7ஆம் அதிகாரத்தில் வருகிறது. இஸ்ரவேலின் பிரபுக்கள் 6 வண்டிகளையும் 12 மாடுகளையும் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். மோசே கெர்சோனியருக்கு 2 வண்டிகளும் 4 மாடுகளும், மெராரியருக்கு 4 வண்டிகளும் 8 மாடுகளும் கொடுத்தார். மெராரியரின் பாரம் அப்படிப்பட்டது. 48 பலகைகளோடு, ஒவ்வொன்றும் ஒரு தாலந்து எடையுள்ள 100 வெள்ளிப் பாதங்கள். ஒரு தாலந்து 30 கிலோவுக்குக் குறையாது. ஆனால் கோகாத்தியருக்கு ஒரு வண்டியும் கொடுக்கப்படவில்லை. அவர்களுக்கு நியமிக்கப்பட்டவை தோளின்மேல் சுமக்க வேண்டியவை.

வீடு மாறுவதில் நம்மை வாட்டும் மனபாரத்தின் காரணத்தை இவ்விரு அதிகாரங்களிலும் நான் காண்கிறேன். வண்டியில் ஏற்ற வேண்டியதைத் தோளில் சுமந்து களைத்துப்போகிறோம். களைத்த பின்பு, தோளில் சுமக்க வேண்டியதை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். இவ்விரண்டையும் தொடக்கத்திலேயே பிரித்துக்கொண்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

முதலில் வண்டிக்குரியவை. இவற்றுக்குத் தேவை ஒழுங்கு மாத்திரமே, கண்ணீர் தேவையில்லை. நாள் குறித்தவுடன் பரணிலிருந்து தொடங்குங்கள். அன்றாடம் புழங்காத பொருள்கள் முதலில், அடுக்களை கடைசியில். ஒரு நாளைக்கு ஓர் அலமாரி போதும். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்தவுடன் மூன்றில் ஒன்றாகத் தீர்மானியுங்கள்: கொண்டுபோவது, கொடுத்துவிடுவது, கழித்துவிடுவது. 'பிறகு பார்க்கலாம்' என்று நான்காவது குவியல் ஒன்று உருவானால், அதுதான் நள்ளிரவில் உங்களை எழுப்பும். கொடுப்பவற்றைத் துவைத்து மடித்துக் கொடுங்கள். நாம் உடுத்தக் கூசும் கிழிசலை ஏழைக்குக் கொடுப்பது தர்மமாகாது.

புத்தகங்களைச் சிறிய அட்டைப்பெட்டிகளில் வையுங்கள். பெரிய பெட்டி நிறைய வேதாகமங்களையும் வியாக்கியான நூல்களையும் அடுக்கினால், தூக்குகிறவர் முதுகு பிடித்துக்கொள்ளும். பெட்டியின் அடியும் பிய்ந்துபோகும். பீங்கான் தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல், செய்தித்தாளிலோ பழைய வேட்டியிலோ சுற்றி விளிம்பில் நிற்கவையுங்கள். எவர்சில்வர் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போடுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் எண்ணும், போக வேண்டிய அறையின் பெயரும், இரண்டு பக்கங்களில் எழுதப்பட்டிருக்கட்டும். எந்த எண்ணில் என்ன இருக்கிறதென ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பேர்பேராக எண்ணச் சொன்ன கட்டளையின் ஞானம் புது வீட்டில் அரிவாள்மணையைத் தேடும்போது விளங்கும்.

ஃப்ரிட்ஜை முந்தின நாளே காலிசெய்து அணைத்து, பனி உருகவிட்டுத் துடைத்துவையுங்கள். நிமிர்த்தியே கொண்டுபோங்கள்; இறக்கிவைத்தபின் சில மணி நேரம் கழித்தே மின்சாரம் கொடுங்கள். வேறு ஊருக்குப் போகிறவர்கள் எரிவாயு முகவரிடம் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, வைப்புத்தொகையையும் இணைப்பை மாற்றுவதற்கான சீட்டையும் பெற்றுக்கொள்ளுங்கள். அதைக் காட்டிப் புதிய ஊரில் இணைப்புப் பெறலாம். பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழைப் பள்ளி அலுவலகம் திறந்திருக்கும் நாளில் வாங்கிவிடுங்கள். பாரமான பீரோ, கட்டில், கிரைண்டர் ஆகியவை வண்டியின் முன்பக்கம் ஏறட்டும். இறங்கியவுடன் தேவைப்படும் பாய், வாளி, விளக்குமாறு, அடுப்பு, முதல் வேளைக்கான அரிசி பருப்பு யாவும் கடைசியாக ஏறட்டும். கடைசியில் ஏறியதுதான் முதலில் இறங்கும்.

50 வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு சொல். எண்ணாகமம் 8ஆம் அதிகாரத்தின்படி, அந்த வயதைத் தாண்டிய லேவியர் வேலையை விட்டு நீங்கி, தங்கள் சகோதரருக்குத் துணையாகக் காவல் காக்கலாம். கடந்த மாறுதலின்போது பீரோவின் ஒரு முனையைப் பிடிக்கப் போன என்னை, வாலிபர் சங்கத்துத் தம்பிமார், "ஐயா, நீங்க நோட்டைப் பார்த்துப் பெட்டியை எண்ணுங்க" என்று நாற்காலியில் அமர்த்திவிட்டார்கள். வேதத்துக்கு உட்பட்டுக் கீழ்ப்படிந்தேன்.

இவ்வளவும் வண்டிக்குரியவை. இனி வண்டியில் ஏற்றக் கூடாதவற்றைப் பற்றிப் பேச வேண்டும்.

தாவீது உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவர விரும்பியபோது, அதைப் புதிய வண்டி ஒன்றில் ஏற்றினார். ஆட்டமும் பாட்டமும் இசைக்கருவிகளின் முழக்கமும் கூடவே வந்தன. நாகோனின் களத்தருகே மாடுகள் இடறின. பெட்டியைப் பிடிக்கக் கைநீட்டிய ஊசா அங்கேயே மரித்தான். பெட்டி மூன்று மாதம் ஓபேத் ஏதோமின் வீட்டில் தங்கிற்று. இரண்டாம் முறை லேவியர் அதைத் தோளில் சுமந்து வந்தார்கள். வண்டி புதியதுதான்; நோக்கமும் நல்லதுதான். எனினும் சில காரியங்களை வண்டியிடம் ஒப்படைக்கலாகாது என்பதை இஸ்ரவேலர் துக்கத்தோடு அறிந்துகொண்டார்கள்.

நம் வீடுகளில் தோளுக்குரியவை எவை? பத்திரங்கள், சான்றிதழ்கள், நகை, மருந்துகள், மருத்துவரின் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே பையிலிட்டு, வீட்டில் ஒருவர் கையைவிட்டு அகலாமல் வைத்திருக்க வேண்டும் என்பது யாவரும் அறிந்தது. ஆனால் எந்தப் பைக்குள்ளும் அடங்காதவை உண்டு. அவற்றுள் முதன்மையானவர்கள் முதியோர்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, தேரிக்காட்டுச் சேகரத்திலிருந்து கரிசல் பக்கத்துச் சேகரத்துக்கு மாற்றப்பட்டபோது, என் தாயாருக்கு 82 வயது. கண் அழுத்த நோயினால் பார்வை பெரும்பாலும் போயிருந்தது. ஆயினும் அந்தக் குருமனையில் அவர்கள் யாருடைய கையையும் பிடிக்காமல் நடமாடினார்கள். கட்டிலிலிருந்து குளியலறைக்கு 11 எட்டு. நடைக்கு 9 எட்டு. நடையின் வலப்புறம் தூண். அதைத் தொட்டுக்கொண்டு திரும்பினால் வேப்பமர நிழலில் கிடக்கும் பெஞ்சு. அந்த வீட்டை அவர்கள் கால்களால் கற்றுவைத்திருந்தார்கள். நமக்கு அது வீட்டு மாற்றம். அவர்களுக்கோ மிச்சமிருந்த கண்ணையும் இழப்பது.

இதை முதலில் உணர்ந்தவர் என் துணைவியார். "அத்தை அறையைக் கடைசியில் பிரிப்போம், அங்கே போய் முதலில் அடுக்குவோம்" என்றார். எண்ணாகமம் 10ஆம் அதிகாரத்தில் பிரயாண ஒழுங்கும் அப்படித்தான் இருக்கிறது. கெர்சோனியரும் மெராரியரும் கூடாரத்தின் பாகங்களோடு முன்னே புறப்படுவார்கள். கோகாத்தியர் பரிசுத்த பொருள்களோடு பின்னே வருவார்கள். இவர்கள் வந்து சேருமுன் அவர்கள் கூடாரத்தை நிறுத்திவிடுவார்கள். பரிசுத்தமானது இறக்கிவைக்க இடமின்றி வெளியே காத்து நிற்கலாகாது.

அவ்வாறே துணைவியாரும் மகனும் ஒரு நாள் முந்தி லாரியோடு சென்றார்கள். அம்மாவின் கட்டிலைப் பழைய வீட்டில் கிடந்த திசையிலேயே போட்டார்கள். தண்ணீர்ச் செம்பு வலக்கைப் பக்கம். வேதாகமமும் செபமாலைப் பூவேலை செய்த பழைய துணிப்பையும் தலைமாட்டில். அந்த வேதாகமத்தை அம்மா வாசித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் இரவில் கை நீட்டினால் அது தட்டுப்பட வேண்டும். கட்டிலிலிருந்து குளியலறைக் கதவுவரை இடுப்பளவில் ஒரு கொடிக்கயிறு கட்டினார்கள். மறுநாள் நான் அம்மாவைக் காரில் அழைத்துவந்தேன்.

அன்றிரவு இரண்டு மணிக்கு அம்மா விழித்து, "எந்த ஊர்ல இருக்கோம்?" என்று கேட்டார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னேன். சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்டார்கள். மூன்று வாரம் அநேக இரவுகளில் இது நடந்தது. எல்லாவற்றையும் ஒழுங்காய்ச் செய்தும் அந்தக் கேள்வியை எங்களால் தடுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லத்தான் முடிந்தது. தோளில் சுமப்பது என்பதன் பொருள் இதுவே என எண்ணுகிறேன். பாரம் இலகுவாகாது, ஆனால் கீழே விழாது.

துணைவியார் தினமும் காலையில் அம்மாவோடு கயிற்றைப் பிடித்து நடந்தார். இந்த வீட்டில் குளியலறைக்கு 14 எட்டு. எட்டாம் வகுப்பிலிருந்த எங்கள் மகள், பள்ளிவிட்டு வந்ததும், "ஆச்சி, இன்னைக்கு நானும் கண்ணை மூடிட்டு வாரேன்" என்று உடன் நடப்பாள். தோழியரையெல்லாம் விட்டுவந்த ஏக்கம் அவளுக்கும் இருந்தது. எட்டுகளை எண்ணி எண்ணி இருவரும் சேர்ந்து அந்த வீட்டைக் கற்றார்கள். நான்காவது வாரம் ஒரு நாள் கயிற்றைத் தொடாமல் நடந்துபோய்த் திரும்பிவந்து கட்டிலில் அமர்ந்த அம்மா, "இந்த வீடும் காலுக்கு வந்துட்டு" என்றார்கள். அன்று அவர்கள் முகத்தில் இருந்த நிறைவை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அம்மா அந்த ஊரிலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்; அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். அடுத்த மே மாதம் இந்தச் சபைக்கு வரும்படி ஆணை கிடைத்தது. வண்டியில் ஏற்ற வேண்டியவற்றை ஏற்றினோம். தோளில் சுமக்க வேண்டியவற்றைச் சுமந்தோம். ஆனால் ஒரு கல்லறையை வண்டியிலும் ஏற்ற இயலாது. தோளிலும் தூக்க இயலாது. புறப்படும் காலையில் அதைச் சொல்லாமலே உணர்ந்த அச்சபையின் வயதான சகோதரி ஒருவர், "ஐயா, நவம்பர் 2 அன்று எங்க வீட்டுக் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏத்தும்போது பாட்டிக்கும் ஏத்திருவேன். நீங்க நிம்மதியாப் போங்க" என்றார். இன்றுவரை அவர் அதைத் தவறவில்லை. நம்மால் சுமக்க முடியாததை வேறொருவரின் தோளில் வைத்துவிட்டு நடப்பதும் தேவனுடைய வீட்டாரின் ஒழுங்கில் அடங்கியதே என்பதை அவரிடம் கற்றேன்.

இதனால்தான் நான்காவது குடும்பத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். மற்ற மூன்று குடும்பங்களுக்கும் போகுமிடம் தெரியும். இவர்களோ ஒரு மாதத்துக்குள் வீடு தேட வேண்டும், அட்வான்ஸ் தொகை திரட்ட வேண்டும், பிள்ளைகளின் பள்ளியும் தூரமாகிவிடக் கூடாது. அந்தத் தாய் என்னிடம், "இது எங்களுக்கு ஏழாவது வீடு ஐயா. போன வீட்டில் பிரிக்காத பெட்டி இரண்டு இன்னும் அப்படியே இருக்கு" என்றார். எத்தனை நோட்டுப் போட்டு எண்ணினாலும், எவ்வளவு நேர்த்தியாய்க் கட்டினாலும், அவருடைய பாரம் பெட்டிகளில் இல்லை. அதனை ஒழுங்கினால் தீர்க்க முடியாது. தோள் கொடுக்க வேண்டும்.

நம் பகுதியின் சபைகளுக்கு இது புதிய கடமையன்று. சாத்தான்குளத்துக்கு அருகிலுள்ள முதலூர் 1799ஆம் ஆண்டு உருவானது. விசுவாசத்தின் பொருட்டுத் தங்கள் ஊர்களில் வாழ முடியாமல் துன்புற்றவர்கள் அமைதியாகக் குடியிருக்க ஓர் இடம் வேண்டுமென்று தாவீது சுந்தரானந்தம் முன்னின்று ஏற்படுத்திய ஊர் அது. கிறிஸ்தவர்களுக்கென உண்டான முதல் ஊர் என்பதே அதன் பெயர். வீடு இழந்தவர்களுக்கு இடம் தேடிக் கொடுத்ததே நம் திருநெல்வேலிச் சபைகளின் தொடக்கக் கதைகளில் ஒன்று. அந்த வழியில் வந்த நாம், நம் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவர் வீடு தேடுவதை அறியாதவர்களாய் இருக்கலாமா?

ஆகையால் இவ்வாரம் சில காரியங்களை உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வாடகைக்கு வீடு வைத்திருப்பவர்களும், காலியான வீட்டை அறிந்தவர்களும், எனக்கோ சபை ஊழியருக்கோ தெரிவியுங்கள். அட்வான்ஸ் தொகைக்கு உதவ விரும்புகிறவர்கள் தனியே என்னிடம் பேசுங்கள். பெயர் வெளியில் சொல்லப்படாது. வாலிபர்கள் வீடு மாறும் நாளில் இரண்டு மணி நேரம் கொடுங்கள். பெண்கள் ஐக்கியச் சகோதரிகள் அன்றைய மதிய உணவைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். அடுப்பைப் பிரித்துவிட்ட வீட்டில் சமைத்த சோறு ஒரு பெரிய ஆறுதல். மகனிடம் செல்லும் முதியவர்கள் இருவரையும் புறப்படுமுன் ஒரு முறை சென்று பாருங்கள். நீங்கள் போய்ச் சேர்ந்தபின், பத்து நாள் கழித்து அவர்களுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். வழியனுப்பும் நாளில் எல்லாரும் வருவோம். பத்தாவது நாளில்தான் தனிமை தெரியும்.

வீடு மாறுகிறவர்களே, உங்களுக்கும் ஒன்று. பவுல் அப்போஸ்தலர் தம் மேலங்கியையும் புத்தகங்களையும் துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்தார். பிறகு மாரிக்காலத்துக்கு முன் அவற்றைக் கொண்டுவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதினார். அப்போஸ்தலரின் சாமான்களே ஓர் ஊரில் தங்கிப்போயின என்றால், உங்களுடைய குடையோ இட்லித் தட்டோ மறந்துபோனதற்காகக் கலங்காதிருங்கள். யாராவது கொண்டுவந்து தருவார்கள். உங்கள் பிள்ளைகளின் கைகளையும் பெற்றோரின் கைகளையும் மாத்திரம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜெபம்: எங்கள் பிரயாணங்களில் முன்செல்லும் ஆண்டவரே, இம்மாதம் வீடு மாறும் குடும்பங்களைக் காத்தருளும். வண்டியில் ஏற்ற வேண்டியவற்றைக் கவலையின்றி ஏற்றிவிட மனந்தாரும். சுமக்க வேண்டியவர்களைச் சோர்வின்றிச் சுமக்கப் பெலன்தாரும். வீடு தேடுவோருக்கு வாசல் திறவும். அந்த வாசலாக எங்களில் சிலரைப் பயன்படுத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்